ஒரே நாளில் இரண்டு ஆட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு பந்து படம். இதுவரை கேஸ் ஏஜென்சி நம்பர் எழுதத்தான் பயன்பட்டிருக்கிறது. இந்த வருடம் எழுதலாம் என்று தோன்றியது.

டீம் பையை இன்றுதான் திறந்தேன். ஒன்பது நாள் மூட்டையாகக் கிடந்த ஜெர்சிகள் நாறிப்போயிருந்தன. துவைத்து ஸ்டோர் ரூம் கம்பியில் போட்டு எண்ணினால் பதினேழு. நாலாம் நம்பர் இல்லை. அது இசக்கியம்மாளுடையது. ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கோப்பையோடு டீம், ஓரத்தில் என் தலையும் இருக்கிறது. நடுவில் இசக்கி படம் பெரிதாக. 'அடிபட்டும் அசரவில்லை! ஸ்கோரை முன்பே சொன்ன இசக்கி!' என்று மஞ்சள் எழுத்து.

கதை இதுதான். ஃபைனலில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இரண்டாம் பாதியில் கார்னர் பந்துக்குத் துள்ளியபோது தென்காசிப் பெண்ணின் தலையும் இசக்கியின் தலையும் மோதின. உள்ளே ஓடினேன். எல்லாக் கோச்சும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன், ஸ்கோர் என்ன என்று. "ரெண்டு ஒண்ணு மேம்" என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கடைசி நிமிடத்தில் பெனிட்டா கோல் போட்டாள். இரண்டுக்கு ஒன்று. ஒன்பது நாளாக ஊரில் இதே பேச்சு.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து விதிகளையும் போட்டி அமைப்பையும் சீர்திருத்த ஒரு குழு. நான் வரைவு எழுதுபவள். என்னை 'முனைவர் அமலோற்பவம்' என்று போட்டிருக்கிறார்கள். நான் முனைவர் இல்லை. திருத்தச் சொல்லி எழுத வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. காயில் எரிந்துபோய்விட்டதாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மைதானத்துக் கோடுகள் அழிந்து கிடக்கின்றன. சுண்ணாம்பு மூட்டை திறந்தே கிடந்து கட்டிதட்டிவிட்டது.

வரைவு ஆரம்பித்தேன். முதலில் விளையாட்டுக் கோட்டா ஆட்கள் விஷயம். ஜூலையில் பெயர் சேர்ப்பார்கள், ஜனவரியில் ஆட வருவார்கள், நடுவில் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. பாதி நாளாவது வகுப்புக்கு வந்தவர்தான் ஆடலாம் என்று எழுதினேன். இது நிறைவேறினால் ஆண்கள் பக்கம் பாதி டீம் காலி. அடுத்தது நாக் அவுட். இரண்டு பஸ் மாறி வந்து ஒரே ஆட்டத்தில் தோற்று ஊர் திரும்பும் கல்லூரிகள்தான் அதிகம். ஒரு வருடப் பயிற்சிக்கு எழுபது நிமிட ஆட்டம். மண்டல வாரியாக லீக் வைக்கலாம். நடுவர் வேறு மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களை மூன்றிலிருந்து ஐந்தாக்கலாம்.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. எழுதும்போது எனக்குச் சந்தோஷமோ கவலையோ தோன்றவில்லை. சாயங்காலம் கீரை ஆய்ந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து அப்படியே முக்கூடல் பஸ் ஏறி இசக்கி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பேச்சித்தாய் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எனக்காக யாரும் எழுந்து நிற்பது இப்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். ஓய்வுதான் மருந்து என்று சொல்லிவிட்டார்களாம். வெளிச்சம் ஆகவில்லை, டிவி சத்தம் ஆகவில்லை. "பகலெல்லாம் தூங்கிட்டே கெடக்கா டீச்சர். தூங்கி எந்திச்சும் களைப்பா இருக்குங்கா" என்றார் பேச்சித்தாய்.

ஜன்னலில் போர்வை கட்டிய அறையில் இசக்கி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். டீ சாப்பிடுங்க மேம் என்றாள். குடித்து முடித்த டம்ளர் கையில் இருக்கும்போதே மறுபடியும் டீ சாப்பிடுங்க மேம் என்றாள். புத்தகத்தை எடுத்தால் இரண்டாவது வரியில் எழுத்து நகர்கிறதாம். அன்றைக்கு மதியம் வேப்பமரத்தடியில் தயிர்சாதம் சாப்பிட்டது வரை ஞாபகம் இருக்கிறது. ஃபைனல் ஞாபகம் இல்லை. பிள்ளைகள் வந்து சொல்லித்தான் ஜெயித்ததே தெரியும்.

நாலாம் நம்பர் ஜெர்சி துவைத்து மடித்து சாமி படத்துக்குக் கீழே இருந்தது. கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

குழுவின் முதல் கூட்டம். ஒருங்கிணைப்பாளர் சங்கரபாண்டியன் சார், ஒரு கல்லூரியின் முதல்வர், நல்ல மனிதர். எல்லோருக்கும் தானே தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பார். கோட்டா விதியை ஒரு மணி நேரம் பேசி ஒத்திவைத்தார்கள். லீக்குக்கு யோசிக்கலாம் என்றார்கள்.

அப்புறம் தூத்துக்குடிக் கல்லூரி பி.டி. மாஸ்டர் வின்சென்ட் சார் எழுந்தார். பெண்களுக்குக் காலையில் செமி ஃபைனல், மூன்றரைக்கு ஃபைனல் என்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைப்பது அநியாயம், அதை எடுத்தாக வேண்டும் என்றார். ஆண்களுக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு உண்டு.

சங்கரபாண்டியன் சார் சிரித்துக்கொண்டே ஒரு பழைய ஃபைலைத் திறந்தார். பதினொரு வருடத்துக்கு முந்தைய கடிதம், என் கையெழுத்து. மாணவியர் வெளியூரில் இரவு தங்க நேராதபடி அரையிறுதியையும் இறுதியையும் ஒரே நாளில் முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டிருக்கிறேன். சத்தமாக வாசித்தார். அன்றைக்கு நாலு டீம், இன்றைக்குப் பத்தொன்பது, எல்லாம் மேம் புண்ணியம் என்றார். கை தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வின்சென்ட் சார் விடவில்லை, இசக்கியைப் பற்றிக் கேட்டார். அதற்கும் சார் பதில் வைத்திருந்தார். "களைச்சுப் போன பிள்ளையா சார் அது? நடக்கப் போற ஸ்கோரை முன்கூட்டியே சொல்லிட்டுல்லா ஆடிருக்கு." மறுபடியும் சிரிப்பு.

மதியம் சாம்பார்சாதம், அவியல். அவியலில் உப்பு இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அந்தக் கடிதம் எழுதிய கதையை எழுதி வைக்கலாம். அந்த வருடம் முதல்முறையாக செமியில் ஜெயித்திருந்தோம். மறுநாள் ஃபைனல், ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க ஏற்பாடு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்கள் கோல்கீப்பரின் அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். மகளின் பையை எடுத்து வண்டியில் மாட்டினார். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். அதைக் கேள்விப்பட்டு இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். ஏழு பேரோடு ஃபைனல் ஆடினோம்.

கோபத்தில் எழுதிய கடிதம்தான் அது. இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள் என்று ஆனதும், அதுவரை மாட்டேன் என்ற அப்பாக்கள் தாங்களே பஸ் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே காரியம் என்று என் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் கணக்கில் வராதா என்று கேட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஃபைனல் வீடியோவை ஒருவழியாகப் பார்த்தேன். பெனிட்டாவின் அண்ணன் எடுத்தது. நான் இசக்கி தோளில் தட்டி உள்ளே அனுப்புகிறேன். அதற்குப் பிறகு ஆறு முறை பந்தைத் தலையால் முட்டியிருக்கிறாள். இரண்டாவது முறைக்குப் பின் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது.

பிப்ரவரி 22, சனி

பந்துகளுக்குக் காற்று அடித்தேன். பதினான்கில் மூன்று நிற்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கல்லூரி ஆய்வுக்குழு வருவதால் எல்லாத் தாளையும் ஃபைலில் போடச் சொல்லி சர்க்குலர். ஜனவரி 25 காலை செமி ஃபைனல் ஸ்கோர் ஷீட்டும் ஃபைலுக்குப் போனது. நாங்கள் 2, சிவகாசி 1. பஞ்ச் மெஷின் ஓட்டை சரியாக விழவில்லை. மூன்று தரம் குத்தினேன்.

மார்ச் 2, ஞாயிறு

தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று தனி விதி. அடிபட்டவரை வெளியே எடுத்தால் அது மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையில் சேராது. அன்று அவர் மறுபடி ஆடக்கூடாது. சந்தேகம் இருந்தாலும் ஆடக்கூடாது. இதுவரை சிரமமில்லை.

யார் முடிவு செய்வது என்ற இடத்தில் 'அணியின் பயிற்சியாளர்' என்று எழுதி, அடித்தேன். 'இரு அணியையும் சேராத மருத்துவ உதவியாளர்' என்று எழுதினேன். கேட்க வேண்டிய கேள்விகளையும் போட்டேன். இது எந்த ஆட்டம், எதிரணி எது, இது எத்தனையாவது பாதி. கடைசியில் ஒரு வரி: ஸ்கோர் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பக்கூடாது.

மத்தியானம் அவர் வாங்கி வந்த சாளை மீனைக் கழுவிப் பொரித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சங்கரபாண்டியன் சார் போன். வரைவு பிரமாதமாம். அந்தக் கடைசி வரி மட்டும் எதற்கு என்று கேட்டார். சும்மா எழுதினேன் சார் என்றேன். விதி என்று எழுதும்போது சும்மா எழுதலாமா மேம் என்றார். சரியான கேள்விதான்.

மார்ச் 8, சனி

மகளிர் தின விழா. முதல்வர் சிஸ்டர் ஏற்பாட்டில் இசக்கியைக் காரில் அழைத்து வந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். பொன்னாடை போர்த்தினார்கள். கீழே இருந்து பிள்ளைகள் "ரெண்டு ஒண்ணு, ரெண்டு ஒண்ணு" என்று கத்தக் கத்த அவள் காதைப் பொத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று மைக்கில் சொன்னார்கள். பேச்சித்தாய்க்கு முகம் கொள்ளாத சிரிப்பு. ஒரு மாதமாக அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து ஸ்டோர் ரூமில் விளக்கை அணைத்து உட்கார வைத்தேன். கோப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மேம், நெசமாவே நான் அப்படிச் சொன்னனா?"

"சொன்ன."

"எனக்கு எப்படி மேம் தெரிஞ்சுது?"

கார் வந்துவிட்டது என்று சொல்லி எழுப்பிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அலமாரி ஒழித்தேன்.

மார்ச் 13, வியாழன்

அரை நாள் லீவு போட்டு முக்கூடல் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கல்லூரி வாசலில் இருந்த ஃப்ளெக்ஸில் இசக்கி படத்தை மட்டும் வெட்டி வாங்கி வந்து வீட்டுச் சுவரில் அடித்திருக்கிறார்கள். மஞ்சள் எழுத்தோடு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, உன் மகளுக்குத் தெய்வ வாக்கு பேச்சி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு டீ குடித்தேன். இசக்கி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 15, சனி

இறுதிக் கூட்டம். லீக் நிறைவேறியது. நடுவர் விதி நிறைவேறியது. கோட்டா விதி, எதிர்பார்த்தபடி, துணைக்குழுவுக்குப் போனது.

பெண்கள் போட்டிக்கு என் வரைவு இது. அடுத்தடுத்த நாலு சனிக்கிழமை, ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம், பக்கத்து மைதானம், இருட்டுவதற்குள் வீடு. இரவுத் தங்கலும் இல்லை, இரட்டை ஆட்டமும் இல்லை. நாலு சனிக்கிழமை பஸ் விடவும் உடன் ஆசிரியை அனுப்பவும் எந்தக் கல்லூரி சம்மதிக்கும் என்று கேட்டார்கள். பாதி டீம் விலகிவிடும், மேம் கட்டியதை மேமே இடிக்கிறார் என்றார் ஒருவர். வின்சென்ட் சார் பிள்ளைகளுக்குத் தலைவலி, வெயில் என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. சங்கரபாண்டியன் சார் பழையபடி இசக்கி கதைக்கு வந்தார்.

எழுந்தேன். உட்கார்ந்தே பேசியிருக்கலாம்.

"சார், அந்தப் பிள்ளை ஃபைனல் ஸ்கோரைச் சொல்லல. காலைல ஆடுன செமி ஸ்கோரைச் சொல்லுச்சு. அதுவும் ரெண்டு ஒண்ணுதான். நான் கேட்டப்போ ஃபைனல் ஒண்ணுக்கு ஒண்ணு. எந்த ஆட்டத்துல நிக்கோம்னு அவளுக்குத் தெரியல."

சங்கரபாண்டியன் சார் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அப்போதே உங்களுக்குத் தெரியுமா மேம் என்று மெதுவாகக் கேட்டார்.

தெரியுமா என்று ஏழு வாரமாக என்னை நானே கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகச் சொல்கிறாள் என்று காதில் விழுந்தது, அது நிச்சயம். துணிச்சலில் சொல்கிறாள், ஜெயித்துக் காட்டுவேன் என்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அவள் இல்லாமல் கோல் விழுந்துவிடும் என்று பயம். இதை அப்படியே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதெல்லாம் கூட்டக் குறிப்பில் வர வேண்டாம் மேம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார் சார். குறிப்பு எழுதுவது நான்தான். எழுதினேன். சனிக்கிழமை விதியும் தலைக்காய விதியும் நிறைவேறின, ஒன்பதுக்கு இரண்டு. அந்தக் கடைசி வரியையும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வேறு யாராவது போய்ச் சொல்வதற்கு முன் போக வேண்டும் என்று முதல் பஸ்ஸிலேயே போனேன்.

இசக்கியின் அறையில் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் சொன்னேன். காலை ஸ்கோர், மாலை ஸ்கோர், நான் கேட்டது, அனுப்பியது, பெஞ்சில் இருந்த இரண்டு பேர், ஆறு ஹெடர். மன்னிப்பும் கேட்டேன். அந்த வார்த்தை வாயில் சப்பென்று இருந்தது.

இசக்கிக்கு முகம் தெளிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ எனக்கு சாமி ஒண்ணும் வரல, இல்ல மேம்? ரொம்ப பயந்துட்டு இருந்தேன். நான் சொன்னது சரியான ஸ்கோருதான். ஆட்டந்தான் வேற."

பேச்சித்தாய் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஃப்ளெக்ஸை ஆணியிலிருந்து கழற்றினார். கிழிக்கவில்லை, சுருட்டி மூலையில் நிறுத்தினார்.

"நீங்க கூட இருக்கீங்கன்னுதான டீச்சர் அனுப்புனேன்" என்றார்.

திட்டவில்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்து ஜெர்சியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. இசக்கிதான் டீ சாப்பிடுங்க மேம் என்றாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சேரன்மகாதேவி தாண்டி அழுதேன். ரொம்ப நேரம் இல்லை, டிக்கெட் செக்கர் ஏறிவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

எட்டுக் கல்லூரிகள் அடுத்த வருடம் பெண்கள் டீம் அனுப்புவதில்லை என்று எழுதியிருக்கின்றன. பதினொன்று மிச்சம். எங்கள் சிஸ்டர் நாலு சனிக்கிழமைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னிடம் பேசவில்லை.

ஆய்வுக்குழு வந்தது. ஸ்டோர் ரூமையும் பார்த்தார்கள். இருப்புப் பதிவேட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு அம்மா கம்பியில் தொங்கிய ஜெர்சிகளைத் தானே எண்ணிப் பார்த்தார்.

பதினெட்டு. சரியாக இருக்கிறது என்று டிக் போட்டார்.